அம்பாவும் பான்ஜோவும்



சென்ற இதழில், வலை இழுக்கும்போது மீனவர் பாடுகிற அம்பாப் பாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் அவருடைய மாமா காரில் ஏறினால் கன்ட்ரி மியூசிக்தான் போடுவாராம். "இதென்ன மாமா?" என்று கேட்டால், "இது இந்த ஊர் நாட்டுப்பாட்டு, பிள்ளை" என்பாராம். "அப்பிடியெண்டால் எங்கட அம்பாவும் கன்ட்ரி மியூசிக்தானா ஐயா? அவங்கட பாட்டு எங்கையிருந்து வந்தது? எங்கட பாட்டு எங்கையிருந்து வந்தது?"

முதற் கேள்விக்கு 'ஓம்' என்று தபாலட்டையில் எழுதிப் போட்டிருப்பேன். மற்ற இரண்டும் தபாலட்டைக்குள் அடங்காது. ஆகவே இந்தமுறை ஆசிரியர் பக்கம் அந்தப் பிள்ளைக்கு. நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். 1927 யூலை மாதக் கடைசியில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு பிரிஸ்டல் என்ற ஊரில் வந்து இறங்கினார். டெனசி, வேர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லை அந்த ஊரின் பெரிய தெரு நடுவால் போகிறது. சுற்றிவர அப்பலாச்சிய மலைகள். பியர், விக்டர் இசைத்தட்டுக் கம்பனிக்காக வேலை செய்தவர். முன்பு தொப்பிக் கம்பனி இருந்த ஒரு கட்டடத்தில் கருவிகளைப் பூட்டிவிட்டு, பாடத் தெரிந்தவர்கள் வரலாம், பாட்டுக்குக் காசு என்று அறிவித்தார். மலையடிவாரத்திலிருந்தெல்லாம் சனம் வந்தது. இரண்டு வாரத்துக்குள் 70க்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிவாகின.

வந்தவர்களில் இரண்டு பகுதியாரை இன்றும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஒன்று கார்ட்டர் குடும்பம்: ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். மேபெல் அப்போது கர்ப்பிணி; பிள்ளையைச் சுமந்தபடிதான் கிற்றாரையும் மடியில் வைத்து வாசித்தார். மற்றவர் ஜிம்மி ரொட்ஜர்ஸ், மிசிசிப்பி மாநிலத்து ரயில் தொழிலாளி. காசநோய் பிடித்து ரயில் வேலையை விட்டவர்; ஆறே வருடத்தில், 35 வயதில் இறந்தும்போனார். கன்ட்ரி மியூசிக் பிறந்த இடம் பிரிஸ்டல்தான் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1998ல் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. எனக்கென்னவோ அது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எழுதிய கந்தோர் போலத்தான் தெரிகிறது. பிள்ளை எப்போதோ பிறந்து தவழத் தொடங்கியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பே அட்லான்டாவில் ஜோன் கார்சன் என்ற கிழவரின் பிடில் வாசிப்பு இசைத்தட்டாகி விற்றிருந்தது. 1925ல் நாஷ்வில்லில் ஒரு காப்புறுதிக் கம்பனி நடத்திய வானொலி நிலையம் சனிக்கிழமை இரவுகளில் கிராமத்துப் பாட்டுக் கச்சேரி தொடங்கியிருந்தது. கிராண்ட் ஓல் ஒப்ரி என்ற அந்த நிகழ்ச்சி இன்னும் நடக்கிறது. காப்புறுதி விற்கத் தொடங்கிய பாட்டுக் கச்சேரி நூறு வருடம் ஓடியிருக்கிறது!

சரி, அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் கதைப்பாட்டுகளைக் கொண்டுவந்தார்கள். காதலித்து ஏமாந்தவள், கொலை செய்தவன், கடலில் தாண்ட கப்பல். கூடவே பிடிலும் வந்தது. ஆனால் கன்ட்ரி என்றதும் காதில் கணீரென்று கேட்கிற பான்ஜோ ஐரோப்பாவிலிருந்து வந்ததில்லை. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள், தங்கள் ஊர்ச் சுரைக்குடுக்கை வாத்தியத்தை நினைவில் வைத்துப் புது மண்ணில் செய்துகொண்டது அது. வழுக்கி வழுக்கி அழுகிற ஸ்டீல் கிற்றார் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. ரொட்ஜர்ஸ் தொண்டையை உடைத்துப் பாடுகிற 'யோடல்' அல்ப்ஸ் மலைக்காரர்களுடையது. வேதப்பாட்டுகள் கோயிலிலிருந்து வந்தன. ரயில் பாதையில் கறுப்பினத் தொழிலாளர் பாடிய வேலைப்பாட்டையும் புளூஸையும் ரொட்ஜர்ஸ் அருகிலிருந்து கேட்டுப் பழகினார்.

இவ்வளவும் கலந்த ஒன்றைக் கம்பனிக்காரர்கள் இரண்டு பெட்டிகளில் பிரித்து விற்றார்கள். வெள்ளைக்காரர் பாடினால் 'ஹில்பில்லி', கறுப்பினத்தார் பாடினால் 'ரேஸ்' தட்டு. ஒரே ஊரில் ஒரே மெட்டைப் பாடியவர்கள் இரண்டு விலைப்பட்டியலில் ஏறினார்கள். இதற்குச் சில வருடம் முன்பு, 1916க்கும் 1918க்கும் இடையில், இங்கிலாந்திலிருந்து வந்த செசில் ஷார்ப் என்ற அறிஞர் அந்த மலைகளில் நடந்து திரிந்து நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் குறித்தெடுத்தார். பெரிய தொண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் தேடிப்போனது பழைய இங்கிலாந்தை; கறுப்பினத்தவரின் பாட்டுக்கு அவர் கொப்பியில் இடம் மிகக் குறைவு. தொகுக்கிறவனுடைய காது எதற்குத் திறந்திருக்கிறதோ அதுதான் பிற்காலத்துக்கு 'மரபு' ஆகிறது. எங்களுக்கும் இது பொருந்தும், பின்னால் வருகிறேன்.

ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊரூராக அலைந்தவர். அவரோடு கூடவே அலைந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிற்றார்க்காரர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதுவார். மெட்டை மனதில் பிடித்துக்கொண்டு வருவது ரிடிலின் வேலை. வீட்டுக்கு வந்து அவர் பாடிக் காட்டினால்தான் சாராவும் மேபெலும் கற்றுக்கொள்ளலாம். மேபெலின் கிற்றார் வாசிப்பிலும் ரிடிலின் கைப்பழக்கம் உண்டு. அந்தப் பாட்டுகளின் உரிமை கார்ட்டர் பெயரில் பதிவானது. இசைத்தட்டில் ரிடிலின் பெயர் இல்லை. 2024ல் கறுப்பினப் பாடகி பியொன்சே கன்ட்ரி அல்பம் ஒன்று வெளியிட்டபோது, 'இவளுக்கும் கன்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் கிராமி விருதில் அந்த ஆண்டின் சிறந்த அல்பமாக அதுவே தெரிவானது. அதன் புகழ்பெற்ற ஒரு பாட்டில் பான்ஜோ வாசித்தவர் ரியானன் கிடன்ஸ், பான்ஜோவின் ஆபிரிக்க வேரைப் பல காலமாகச் சொல்லிவருகிற கலைஞர்.

இனி எங்கள் மன்னார்க் கரைக்கு வருவோம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திராத பிள்ளைகள் இப்போது மன்னாரிலேயே இருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விடிவதற்கு முன் தோணி வலையை ஏற்றிக்கொண்டு போகும். கயிற்றின் ஒரு தலைப்பு கரையில். கடலில் அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு மற்றத் தலைப்பைத் தூரத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பிரிந்து நின்று இழுக்க வேண்டும். குதிக்கால் மணலில் புதையும். கயிறு ஈரத்தில் ஊறி உள்ளங்கையை உரிக்கும். மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். இருபது பேர் தனித்தனியாக இழுத்தால் வலை அசையாது. ஒரே மூச்சில் இழுத்தால் வரும். அந்த ஒரே மூச்சுக்காகத்தான் அம்பா. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள்; வாங்குகிற இடத்தில் இழுப்பு விழும். அடி எடுப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் முதலில் மாதாவையும் அந்தோனியாரையும் கும்பிட்டுத் தொடங்கி, காற்றைத் திட்டி, எதிர்த்த வீட்டுக்காரியைத் தொட்டு, கடைசியில் கரையில் குடை பிடித்து நிற்கிற வலைச் சொந்தக்காரர் சம்மாட்டியின் கஞ்சத்தனத்தில் வந்து முடிப்பார். சம்மாட்டி கேட்காதவர் மாதிரி நிற்பார். கோபித்தால் இழுப்பு நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கூலி கூட்டிக் கேட்க வேறு வழியில்லாத காலத்தில் பாட்டுத்தான் மனு.

அந்த அடிகள் எல்லாம் மன்னார்ச் சொத்தா? காற்று மாறுகிற பருவத்துக்குப் பருவம் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி போடுவது நெடுங்கால வழக்கம். அவர்களில் பலர் வீட்டில் ஒன்றும் கோயிலில் ஒன்றுமாகத் தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள். அக்கரையில் இராமேஸ்வரம், தங்கச்சிமடம். இடையில் ஒரு சின்னக் கடல். வலைக்காரர் மீனைப் பங்கு போடுகிற கரையில் மெட்டைப் பங்கு போடாமலா இருந்திருப்பார்கள்? பெருநிலப்பரப்புக்கு வந்தால் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல்கள். முருங்கன், நானாட்டான் பக்கத்தில் அருவி வெட்டுக்கு ஒரு பாட்டு, சூடு மிதிக்க ஒரு பாட்டு. அங்கே மெட்டு நிதானமாக நடக்கும். கடற்கரையில் அது மூச்சு வாங்கும். வேலையின் வேகம் பாட்டின் வேகம்.

ஆனால் மன்னாரின் பெரிய பாட்டுப் பெட்டகம் கூத்து. மட்டக்களப்புக்கு வடமோடி, தென்மோடி என்றால், மன்னாருக்கு வடபாங்கு, தென்பாங்கு. வடபாங்கை யாழ்ப்பாணப் பாங்கு என்றும், தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வது வழக்கம். பெரியவை நாடகம், ஓர் இரவுக்குள் முடிகிற அளவில் சுருங்கியவை வாசாப்பு. இரண்டு பாங்குக்கும் மெட்டில் வேறுபாடு உண்டு; எது மூத்தது என்று இங்கே எழுதி ஊருக்குள் சண்டை மூட்ட நான் தயாரில்லை.

கூத்துப் பழக்கத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டு எப்படி ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு இடம் மாறுகிறது என்று. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு கொப்பியைப் பார்க்காமல் தருவின் முதலடியைப் பாடுவார். இராசா வேடக்காரர் திருப்பிப் பாடுவார். பகலில் மேசன் வேலை செய்த களைப்பு, சுருதி இறங்கும். அண்ணாவியார் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். மத்தளத்தில் ஓங்கி ஒரு தட்டு. அவ்வளவுதான், இராசா நிமிர்வார். ஸ்வரம் எழுதி வைத்த தாள் கிடையாது. கொப்பியில் சொல் இருக்கும், தருவா விருத்தமா கொச்சகமா என்ற குறிப்பு இருக்கும். மெட்டு அண்ணாவியாரின் நெஞ்சில். அவர் போனால் மெட்டும் போகும்.

அந்தக் கூத்துகளில் யார் வருகிறார்கள்? அருச்சுனனும் கர்ணனும் வருகிற ஊர்களும் உண்டு. ஆனால் மன்னார்க் கத்தோலிக்கக் கிராமங்களில் மேடை ஏறுகிறவர்களைப் பாருங்கள். பெத்லகேமுக்கு வந்த மூன்று ராசாக்கள். என்றிக் எம்பரதோர் என்ற ஐரோப்பியச் சக்கரவர்த்தி. ஞானசவுந்தரி: மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டுண்டு, மாதாவின் அருளால் மீண்டும் கை பெற்றவள். இது ஐரோப்பா முழுக்க வழங்கிய பழங்கதை. 1948ல் தமிழ்ச் சினிமாவாகவும் வந்தது. இந்த வெளிநாட்டு ராசாக்களும் இராசாத்திகளும் எங்கள் மேடையில் கட்டியகாரன் கட்டியம் கூற வருகிறார்கள், சரிகை உடுப்பும் முடியும் தரித்து வருகிறார்கள், வெண்பாவும் விருத்தமும் பாடுகிறார்கள். அப்பலாச்சிய மலையில் ஸ்கொட்லாந்துக் கதைக்கு ஆபிரிக்க வாத்தியம் கிடைத்தது. மாதோட்டத்தில் ஐரோப்பியக் கதைக்குத் தமிழ்த் தெருக்கூத்து கிடைத்தது.

இது எப்படி நடந்தது என்பதற்கு வரலாறு கைவசம் இருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் காலத்தில் மன்னாரில் மதம் மாறியவர்கள் 1544ல் யாழ்ப்பாண அரசனால் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்கள் நினைவாகக் கோயில் இருக்கிறது. 1560ல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1658ல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும் கத்தோலிக்கம் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. மாந்தையிலிருந்த மாதா சொரூபம் காட்டு வழியே மடுவுக்குப் போனது அந்தக் காலத்தில்தான். அப்படிப்பட்ட நேரத்தில், 1705ல், யாக்கோமே கொன்சால்வேஸ் என்ற கோவைக்காரக் குருவானவர் தலைமன்னாரில் கரையிறங்கினார். கோவை என்றதும் கோயம்புத்தூர் என்று நினைத்துவிடாதீர்கள், கோவா. கொங்கணி அவர் தாய்மொழி. தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத்தான் தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் இராகம் இழுத்து வாசிப்பார்கள்.

இயேசுவின் பாடுகளைச் சொல்கிற பசாம் பாடுகிறதைக் கேட்டிருக்கிறீர்களா? பெரிய வெள்ளியை அண்டிய இரவுகளில் ஒரு மூப்பர் மூச்சுப் பிடித்து நீட்டுவார். மற்றவர்கள் அந்த நீட்டலின் வாலைப் பிடித்து ஏறுவார்கள். அது கர்நாடக சங்கீதமுமில்லை, இலத்தீன் பூசைப்பாட்டுமில்லை, செத்த வீட்டு ஒப்பாரியுமில்லை. மூன்றின் சாயலும் இருக்கும். பேசாலையில் உருவங்களை வைத்து நடக்கிற உடக்குப் பாஸில் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது. கார்ட்டர் குடும்பம் 1935ல் பதிவு செய்த புகழ்பெற்ற பாட்டொன்று, தாயின் பிரேத வண்டிக்குப் பின்னால் போகிற மகன் பாடுவது. அதைக் கேட்டபோது எனக்கு வங்காலைப் பக்கத்து ஒப்பாரிதான் ஞாபகம் வந்தது. சொல் வேறு, மெட்டு வேறு. ஆனால் அழுகையை வரிசைப்படுத்தி ஒழுங்காக அழுகிற விதம் ஒன்று.

இந்தக் கடற்கரைக் கூத்து எங்களோடு நின்றுவிடவில்லை. மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, சிலாபம், நீர்கொழும்பு வழியே போய்ச் சிங்கள நாடகம என்ற கலை உருவாகக் காரணமாயிற்று. தொடக்ககாலச் சிங்கள நாடகங்களில் மூன்று ராசாக்கள் கதையும் ஒன்று. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அந்த மரபைத் தேடிக் கற்று, சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற பழைய அண்ணாவியாரைத் துணைக்கு வைத்து, 1956ல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக உலகமே திரும்பிப் பார்த்தது. அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தனும் திரும்பிப் பார்த்தார். எங்களிடமிருந்து போன சரக்கு இப்படி மினுங்குகிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1962ல் 'கர்ணன் போர்', பின் 'இராவணேசன்' என்று கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். அண்ணாவிமாருக்கு மாநாடு வைத்தார். 1960களில் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி நாடகங்களையும் மன்னார் நாட்டுப் பாடல்களையும் பதிப்பித்து அச்சில் ஏற்றியவரும் அவரே. ஊருக்குள் நின்று அதே வேலையைச் செய்தவர்களும் உண்டு: முருங்கன் முத்தமிழ்க் கலாமன்றத்துக் குழந்தை செபமாலையை மறந்துவிட்டு மன்னார்க் கூத்தைப் பற்றி எழுத முடியாது.

முத்துக்குளிப்புக்கும் ஒரு பத்தி வேண்டும். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மணலில், குளிப்பு நடக்கிற சில கிழமைகளுக்கு ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா என்று நாலு திசையிலிருந்தும் முக்குளிப்போர் வருவார்கள். அந்தக் குளிப்பு எப்போதோ நின்றுவிட்டது. வளைகுடா முக்குளிப்போரின் ஃபிஜ்ரிப் பாட்டு பஹ்ரைனில் இன்னும் இருக்கிறது. 2021ல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. எங்கள் முத்துக்கடல் பாரிஸ் வரை போன கதை வேறு: ஜோர்ஜ் பிசே 1863ல் 'முத்துக்குளிப்போர்' என்ற ஒப்பெராவை இலங்கையில் நடப்பதாக அமைத்தார். அவர் இலங்கையைக் கண்டதேயில்லை. கதையை முதலில் மெக்சிக்கோவில் நடப்பதாகத்தான் எழுதினார்களாம்! கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, அதில் மன்னாரைத் தேடாதீர்கள்.

இன்னும் தெற்கே, புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி என்று ஒரு கிராமம். போர்த்துக்கேயரும் பின்வந்தோரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். போத்தல், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, மேளம் இவற்றைத் தட்டிக்கொண்டு அவர்கள் பாடுகிற மஞ்சாப் பாட்டில் போர்த்துக்கேயக் கலப்புமொழி இருக்கிறது. அந்த அடியும் போர்த்துக்கேயப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞாவும் சேர்ந்த வழியில் வந்ததுதான் பைலா. கலியாண வீட்டில் பைலா தொடங்கினால் கதிரையில் இருப்பவர் யார்? ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடியபோது கடல் தாண்டித் தமிழ்நாடும் ஆடியது. பான்ஜோவைக் கொண்டுபோனவர்களின் உறவுக்காரர் எங்கள் கரையிலும் ஒரு தாளத்தை விட்டுப் போயிருக்கிறார்கள்.

ரயிலையும் விட முடியாது. ரொட்ஜர்ஸின் பாட்டு ரயில் பாதையில் பிறந்தது என்றேன். தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் 1914ல் கைகோத்தன. தனுஷ்கோடியில் ஏறியவர் தலைமன்னாரில் இறங்கி ரயில் பிடிக்கலாம். அதற்கு முன்பு தோட்டங்களுக்குக் கூலிகளாகப் பிடிக்கப்பட்டவர்கள் இந்தக் கரையில் இறங்கி, மன்னார்க் காடுகள் வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். தண்ணீரில்லாமலும் கொலராவிலும் வழியிலேயே எத்தனையோ பேர் விழுந்தார்கள். அந்த வழிநடையும் கங்காணியின் பொய்யும் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்ற ஆசைவார்த்தையும் மலையகப் பாட்டுகளில் ஆழமாக இறங்கியிருக்கின்றன, சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். தெம்மாங்கு மெட்டு மதுரைப் பக்கத்தது, துயரம் மன்னார் வழியது, பாடிய இடம் மலைநாடு. எந்த ஊர் நாட்டுப்பாடல் என்று இதற்குச் சீட்டு ஒட்டுவது?

எங்கள் வீடுகளுக்குள் நிஜமான அமெரிக்கக் கன்ட்ரி பாட்டே வந்து குடியிருந்ததை மூத்த வாசகர்கள் இதற்குள் முணுமுணுக்கத் தொடங்கியிருப்பார்கள். ஜிம் ரீவ்ஸ்! இலங்கை வானொலியின் ஆங்கில சேவை அவரைப் போட்டுப் போட்டே வளர்த்தது. டெக்சாஸ்காரர், 1964ல் விமான விபத்தில் இறந்தார். செத்த பிறகும் எங்கள் நத்தார்க் காலங்களில் அவர் குரல்தான். 1963ல் வந்த அவருடைய கிறிஸ்மஸ் இசைத்தட்டு தேயாத கத்தோலிக்க வீடு குறைவு. அந்தக் குரலில் ஒரு பட்டு இருக்கும். அந்தப் பட்டு எப்படி வந்தது தெரியுமா? நாஷ்வில் ஒலிப்பதிவுக்காரர்கள் பிடிலையும் பான்ஜோவையும் ஓரங்கட்டிவிட்டு, வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்து நகரத்துக் காதுக்குத் தக்கபடி வழுவழுப்பாக்கினார்கள். நாங்கள் கன்ட்ரி என்று அறிந்தது மண் கழுவிய கன்ட்ரியை. குறை சொல்லவில்லை; நானும் அந்தக் குரலுக்கு அடிமைதான். ஆனால் அதே கழுவலை எங்கள் பாட்டுகளுக்கும் மேடைகளில் செய்கிறோம். தமிழ்த் தினப் போட்டிக்கு அம்பா பாடுகிற பிள்ளைகள் வெள்ளை வேட்டி கட்டி, கீபோட்டுக்குச் சுருதி சேர்த்து, சம்மாட்டியைப் பற்றிய அடியை விட்டுவிட்டுப் பாடுகிறார்கள். கயிறு இருக்கிறது, பாரம் இல்லை. நடுவர்கள் முதலாமிடம் கொடுக்கிறார்கள்.

கரையிலும் பாட்டு மெலிந்துவிட்டது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். இருபது பேருடைய முதுகு பிழைத்தது, அதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். பழம்பாட்டுக்காக ஒருவன் உள்ளங்கை உரியவேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கில்லை. வேலை போனால் வேலைப்பாட்டும் போகும். பாட்டு போன வேறு வழிகள்தான் நெஞ்சை அறுக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் உடுத்த துணியோடு போனவர்கள் புத்தளத்து முகாம்களில் தாலாட்டுப் பாடினார்கள். போரில் படகேறிய மன்னார்த் தமிழர்கள் அக்கரையில் மண்டபம் முகாமில் பாடினார்கள். மன்னாரின் பாட்டுகளை மன்னாரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். செசில் ஷார்ப்பைப் பற்றிப் பின்னால் வருகிறேன் என்றேனே, அது இதற்குத்தான். எங்களுடைய தொகுப்புகளைப் புரட்டினால் கூத்து நிறைய இருக்கிறது. கிணற்றடியில் பெண்கள் பாடியது குறைவு, முஸ்லிம் வீடுகளில் பாடியது இன்னும் குறைவு, வாடி போட வந்த சிங்கள மீனவர் பாடியது அறவே இல்லை.

ஆகவே அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை உங்கள் ஊர்ப் பாட்டுகளுக்கு ஒதுக்குகிறோம். எந்தச் சமயம், எந்த மொழி, எந்தத் தொழில் என்று பார்க்க மாட்டோம். கைபேசியில் பதிவு செய்து அனுப்பினாலும் சரி, கொப்பித் தாளில் எழுதி அனுப்பினாலும் சரி. பாட்டுக்கு மேலே பாடியவர் பெயர் இருக்க வேண்டும், அவர் சம்மதித்தால். அதற்குக் கீழே அவருக்குப் பாடிக் கொடுத்தவர் பெயர். அம்மம்மாவா, அண்ணாவியாரா, வாடியில் பக்கத்தில் படுத்திருந்த நீர்கொழும்புக்காரரா என்று. என்ன வேலை செய்யும்போது பாடியது, எந்த மாதத்தில் பாடியது என்றும் ஒரு வரி. எழுதி அனுப்புகிற உங்கள் பெயர் கடைசியில் வரும், முதலில் வராது. லெஸ்லி ரிடில் கதையைப் படித்த பிறகு இதற்கு யாரும் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்துப்பிழை என்று நினைத்து ஊர்ச் சொல்லைத் திருத்தாதீர்கள். கொச்சையாக ஓரடி வந்தால் அதையும் அப்படியே அனுப்புங்கள். அச்சில் போடுவதா வேண்டாமா என்று நானும் அச்சகத்தாரும் கதவைச் சாத்திவிட்டு முடிவு செய்வோம். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறவர்கள், வண்டிலில் போன காலத்துப் பாட்டுத் தெரிந்த வயதானவர்களை அங்கே கண்டால் விட்டுவிடாதீர்கள். அந்தப் பாட்டுகள் செப்டெம்பர் முதற் கிழமைக்குள் எங்கள் கைக்குக் கிடைத்தால் நத்தார் இதழில் சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்